வீடு மாறும் சலவை இயந்திரம்: சேதத்துக்கு யார் பொறுப்பு?

திருப்பூரில் மாதத் தொடக்கத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு மாறுவோரைக் காணாத தெரு அரிது. சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வந்திருக்கும். ஞாயிறு பனியன் நிறுவனங்களுக்கு விடுமுறை. அனுப்பர்பாளையத்திலிருந்து பெருமாநல்லூருக்கும், வீரபாண்டியிலிருந்து பல்லடம் சாலைக்கும் 'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வாகனங்கள் வீட்டுச் சாமான்களைச் சுமந்து செல்லும். கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகளுக்கு நடுவே, ஒற்றைக் கயிற்றால் கட்டப்பட்ட சலவை இயந்திரம் ஒன்று ஆடிக்கொண்டே போவது இப்போது வழக்கமான காட்சியாகிவிட்டது.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். அந்த இயந்திரம் பெரும்பாலும் பழையது. இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளரிடம் இருப்பது. உழைக்கும் குடும்பம் ஒன்று பல மாதச் சேமிப்பில் வாங்கிய பொருள் அது. ஆண்டுக்கணக்கில் துவைத்துத் தேயாத அந்த இயந்திரம், ஐந்து கிலோமீட்டர் பயணத்தில் கெட்டுப்போகிறது. கெட்டுப்போனதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பொருளியலைப் படித்தும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில், இதைத் தனிப்பட்ட ஒருவரின் கவனக்குறைவாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. விதிகளும் வழக்கங்களும் கைவிட்ட ஓர் இடைவெளியாகவே இது தெரிகிறது.

முதலில், சலவை இயந்திரம் ஆடம்பரப் பொருள் என்ற எண்ணத்தைக் களைய வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். திருப்பூரின் தையல் பிரிவுகளிலும் செக்கிங், பேக்கிங் பிரிவுகளிலும் பணியாற்றும் பெண்களுக்கு இந்தச் சராசரியின் பொருள் நன்கு தெரியும். ஆணைகள் குவியும் காலத்தில் 'ஒன்றரை ஷிப்ட்' முடித்து இரவு வீடு திரும்பும் ஒருத்திக்கு, வாளி நிறைய ஊறும் துணி இன்னொரு ஷிப்ட்டாகக் காத்திருக்கிறது. உலகம் உடுத்தும் துணியைத் தைத்துவிட்டு வந்து, தன் வீட்டுத் துணியை நள்ளிரவில் துவைக்கிறாள். அந்த நேரத்தை மீட்டுத் தருவதால்தான் 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் அதிமுக தன் தேர்தல் அறிக்கையில் குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா சலவை இயந்திரம் என்ற வாக்குறுதியையே முன்வைத்தது. அந்த வாக்குறுதியின் நியாயத்தை எப்படி மதிப்பிட்டாலும், அதன் பின்னிருந்த தேவை உண்மையானது.

புதிய இயந்திரம் வாங்க இயலாதவர்கள் பழையதை வாங்குகிறார்கள். அது தவறன்று, சிக்கனமும் சூழல் நலனும் ஒருங்கே அமைந்த முடிவு அது. ஆனால், திருப்பூர்க் குடும்பங்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்தால் ஒரு மாற்றம். வேலை பார்க்கும் கம்பெனி மாறினால் இன்னொரு மாற்றம். பிள்ளையின் பள்ளிக்காக மற்றொன்று. ஏற்றுமதிச் சந்தையின் அசைவும் வீட்டு வாசல்வரை வருகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கத் தீர்வை 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டபோது, திருப்பூர் எதிர்கொண்ட நெருக்கடியை நாளேடுகளில் படித்தோம். ஆணை குறைந்தால் ஷிப்ட் குறையும். ஷிப்ட் குறைந்தால் வாடகை குறைந்த லைன் வீட்டைத் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் சலவை இயந்திரமும் பயணப்படுகிறது.

அந்தப் பயணத்தில் என்ன நடக்கிறது? முன்பக்கம் கதவுள்ள 'ஃப்ரண்ட் லோடு' இயந்திரத்தில், துணி சுழலும் டிரம்மும் அதைச் சூழ்ந்த தொட்டியும் வெளிப்பெட்டியோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருப்பதில்லை. அவை மேலே ஸ்பிரிங்குகளில் தொங்குகின்றன. கீழே ஷாக் அப்சார்பர்கள் தாங்குகின்றன. சுழலும்போது எழும் அதிர்வை அடக்குவதற்காகத் தொட்டியில் கான்கிரீட் எடைக்கட்டிகளும் பொருத்தப்படுகின்றன. இவ்வகை இயந்திரம் அறுபது, எழுபது கிலோ எடை இருப்பது இதனால்தான். நின்ற இடத்தில் துவைக்கும்போது இந்த அமைப்பு நன்மை செய்கிறது. மேடுபள்ளமான சாலையில் வாகனம் குலுங்கும்போதோ, உள்ளே தொங்கும் அந்தப் பெரும்பாரம் இங்குமங்கும் மோதி ஸ்பிரிங்கைப் பிடுங்குகிறது, பேரிங்கைச் சிதைக்கிறது, தொட்டியையே விரிசலாக்கவும் கூடும்.

இதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் ஒரு வழி செய்திருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து புறப்படும்போதே இயந்திரத்தின் பின்புறத்தில் மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்டுகளை முடுக்கித் தொட்டியை அசையாமல் பூட்டி அனுப்புகிறார்கள். மெக்கானிக்குகள் இவற்றை 'டிரான்சிட் போல்ட்' என்பர். வீட்டில் இயந்திரத்தை நிறுவும் பணியாளர் அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்று கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால், அந்தக் கையேடும் போல்ட்டுகளும் முதல் உரிமையாளரின் பரணிலோ, பழைய இரும்புக் கடையிலோ முடிந்துவிடுகின்றன. இரண்டாவது உரிமையாளருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

எங்கள் பகுதியில் லைன் வீட்டில் குடியிருந்த தையல் தொழிலாளி ஒருவர், பழைய பொருள் விற்கும் கடையிலிருந்து இவ்வகை இயந்திரம் ஒன்றை வாங்கிவந்தார். கடையில் ஓடவிட்டுக் காட்டியபோது அது சீராகவே ஓடியது. வீட்டுக்கு வந்து முதல் முறை துணியைப் பிழியும்போது, பெட்டியே நடந்து சுவரில் இடித்தது. கடைக்காரர், "இங்கே நன்றாகத்தான் ஓடியது" என்றார். ஓட்டுநர், "நான் கொண்டுவந்து சேர்த்தேன், அவ்வளவுதான்" என்றார். தூக்கிவந்த லோடுமேன்கள் கூலியை வாங்கிக்கொண்டு அப்போதே போய்விட்டிருந்தனர். மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனாலும் இழப்பு முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

பொருளியலில் இந்நிலைக்கு ஒரு விளக்கம் உண்டு. பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே சீர்கெடும் என்று காட்டியது. தகவல் சமமின்மை குறித்த ஆய்வுகளுக்காக 2001-இல் மேலும் இருவருடன் அவர் நோபல் பரிசு பெற்றார். பழைய சலவை இயந்திரச் சந்தையில் அந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி முற்றியிருக்கிறது. இங்கே குறை விற்பனைக்குப் பின், வழியில் உண்டாகிறது, வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை, முதல் ஓட்டத்தில்தான் வெளிப்படுகிறது. எனவே, எந்தக் கட்டத்தில் சேதம் நேர்ந்தது என்பதை எவராலும் மெய்ப்பிக்க முடிவதில்லை. கவனமாகக் கொண்டுசெல்பவருக்கும் கவனமின்றிக் கொண்டுசெல்பவருக்கும் ஒரே வாடகை கிடைக்கும் சந்தையில், கவனத்துக்கு விலை இல்லாமற் போகிறது.

சட்டம் இதற்கு வழி சொல்லவில்லையா என்றால், சொல்கிறது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, வாடகைக்குச் சரக்கு ஏற்றுவோர் பதிவு பெற வேண்டும், சரக்கு ரசீது தர வேண்டும் என்கிறது. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, கூடுதல் மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாத நிலையில், சேதத்துக்கான பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கு வரை. அது அறிவிக்கப்பட்ட பொருள் மதிப்பை மிஞ்சலாகாது. சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அளிக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஊருக்குள் வீடு மாற்ற வாடகை 700 ரூபாய் என்று கொள்வோம். பத்து மடங்கு 7,000 ரூபாய். பழைய இயந்திரத்தின் மதிப்பு 9,000 ரூபாய் எனில், இழப்பில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. அதாவது, புதிய விலையுயர்ந்த இயந்திரத்துக்குப் போதாத இந்த வரம்பு, பழைய இயந்திரத்துக்கு ஏறக்குறையப் போதுமானது. ஏழைக்கு உதவக்கூடிய விதிதான். ஆனால், ரசீது இல்லாமல் அது ஏட்டளவில் நின்றுவிடுகிறது. ஊருக்குள் ஓடும் சிறு வாகன வாடகைப் பேச்சு, பெரும்பாலும் கைப்பேசியில் தொடங்கி வாய்ச்சொல்லில் முடிகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்குக் கட்டணமே இல்லை. அங்கும் முதலில் கேட்கப்படுவது, பணம் கொடுத்ததற்கும் பொருள் இருந்த நிலைக்குமான சான்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், பயன்படுத்திய வீட்டுச் சாமான்கள் என்ற வகையை அரசு அறியாததன்று. சரக்கு-சேவை வரிக்கான மின்வழிச் சீட்டிலிருந்து அவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அது வரவேற்கத்தக்க விலக்கு. வரி வசூலில் அவ்வளவு நுணுக்கமாக நினைவில் கொள்ளப்படும் அச்சாமான்கள், பாதுகாப்பு என்று வரும்போது நினைவுக்கு வருவதில்லை.

பொருளின் சேதத்தைவிடப் பெரிது மனிதரின் சேதம். லைன் வீடுகளின் குறுகிய மாடிப்படியில் எழுபது கிலோ பெட்டியை இருவர் தூக்கும்போது, கீழ்ப்படியில் நிற்பவர் மீதே பாரம் சரிகிறது. ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் வழி அமைந்த நல வாரியமும் உள்ளன. இருந்தும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுமை தூக்க வரும் பனியன் தொழிலாளியோ, வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞரோ அந்த வாரியத்தின் பார்வையில் படுவது அரிது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. இயந்திரம் சாயாமலிருக்க, வீட்டுக்காரரோ அவர் மகனோ வாகனத்தின் பின்புறம் ஏறி, அதைக் கையால் அணைத்தபடி வருவார்கள். சரக்கு வாகனத்தில் பயணம் செய்வோர் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சரக்கின் உரிமையாளருக்கு விலக்கு உண்டு. ஆனால், அந்த உரிமையாளரும் ஓட்டுநர் அறையில் அமர்ந்து பயணம் செய்பவராக இருக்க வேண்டும் என்பதே பின்வந்த தீர்ப்பின் நிலைப்பாடு. ஒன்பதாயிரம் ரூபாய்ப் பொருளைக் காக்க, காப்பீடற்ற உயிர் ஒன்று பின்னால் நிற்கிறது. நூறு, இருநூறு ரூபாய் விலையுள்ள ஒரு பட்டை செய்ய வேண்டிய வேலையை மனிதன் செய்துகொண்டிருக்கிறான்.

இதே திருப்பூர், இயந்திரங்களை நகர்த்தத் தெரியாத ஊரா? ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரம் இது. ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பழைய வட்டப் பின்னல் இயந்திரங்களை இறக்குமதி செய்த அனுபவமும் இதற்கு உண்டு. அப்படி வரும் பழைய இயந்திரத்தின் நிலையையும் மதிப்பையும் பட்டயப் பொறியாளர் ஒருவர் சான்றளிக்க வேண்டும் எனச் சுங்கத் துறை கேட்கிறது. அது மரச்சட்டத்தில் ஏறி, கடற்பயணக் காப்பீட்டோடு, கிரேனில் இறங்கி வருகிறது. உலகுக்குத் துணி பின்னும் பழைய இயந்திரத்துக்கு இத்தனை மரியாதை. அதை இயக்குபவரின் வீட்டுத் துணியைத் துவைக்கும் பழைய இயந்திரத்துக்கோ, ஒரு முழம் கயிறு. இந்த ஊருக்குத் திறமைக் குறைவு இல்லை. வீட்டுப் பொருளும் மூலதனமே என்ற பார்வைதான் இன்னும் வரவில்லை.

மின்னணுக் கழிவு என்ற கோணமும் இங்கே கருதத்தக்கது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, சலவை இயந்திரத்தையும் உள்ளடக்கி, அதன் ஆயுள் முடிந்தபின் மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகின்றன. பழுதுநீக்கி மீண்டும் பயன்பாட்டுக்கு விடுவதையும் அவை ஊக்குவிக்கின்றன. பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல், வீட்டுச் சலவை இயந்திரங்களின் உதிரிபாகங்களைப் பத்தாண்டுகள் வரை கிடைக்கச் செய்ய வேண்டுமென்று விதித்துள்ளது. எல்லாம் நல்லவையே. ஆனால், மறுபயன்பாடு என்பது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பொருள் போய்ச் சேர்வதில்தான் தொடங்குகிறது. அந்த நடுவழியில் உடைந்தால், பத்தாண்டு உழைக்க வேண்டிய பொருள் ஐந்தாம் ஆண்டிலேயே கழிவாகிவிடும். பிறகு மறுசுழற்சிக் கணக்கில் அதைச் சேர்ப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

"இதற்கெல்லாம் விதி வகுத்தால் வாடகை ஏறும், ஏழைக்குத்தான் சுமை" என்று ஒரு வாதம் எழலாம். அதில் உண்மை உண்டு. சிறு வாகன ஓட்டுநர் பெருமுதலாளி அல்லர். பெரும்பாலும் அவரே தவணைக் கடனில் வண்டி ஓட்டுபவர். அவர்மீது உரிமக் கட்டணமும் தண்டமும் சுமத்துவது தீர்வாகாது. நல்வாய்ப்பாக, இங்கு வேண்டியவை செலவு மிகுந்தவை அல்ல.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை எளியவை. தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி, அடிப்பகுதியிலுள்ள வடிகட்டியைத் திறந்து மிச்ச நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். டிரான்சிட் போல்ட்டுகளைப் பூட்ட வேண்டும். அவை தொலைந்திருந்தால், மாடல் எண்ணைச் சொல்லி நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டு வாங்க முயலலாம். கிடைக்காதபோது, மெக்கானிக் ஒருவரைக் கொண்டு மேல்தகட்டைக் கழற்றி, தொட்டிக்கும் பெட்டிக்கும் இடையே நுரைப்பஞ்சை இறுகச் செருகலாம். 'டாப் லோடு', 'செமி ஆட்டோமேட்டிக்' வகைகளுக்கு டிரம் ஆடாதபடி துணியை அடைத்தால் போதும். பனியன் வேஸ்ட் மலிந்த ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. இயந்திரத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே ஏற்றி, வாகனத்தின் முன்தடுப்போடு சேர்த்துப் பட்டையால் இரண்டு சுற்று கட்ட வேண்டும். இறக்கியபின் போல்ட்டுகளையும் பஞ்சையும் மறவாமல் எடுத்துவிட்டே ஓட்ட வேண்டும். பூட்டியபடி ஓட்டினால், பயணத்தில் தப்பிய இயந்திரம் வீட்டில் கெடும்.

அமைப்புகள் செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, தயாரிப்பாளர்கள் டிரான்சிட் போல்ட்டுகளை இயந்திரத்தின் பின்புறத்திலேயே மாட்டி வைக்க ஓர் இடம் அமைக்க வேண்டும். பயன்படுத்தும் முறையைப் படமாக, தமிழிலும் இந்தியிலும் அதன்மேல் ஒட்ட வேண்டும். இதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தரநிலையில் சேர்க்கலாம். இரண்டு, பழைய பொருள் விற்போர், போல்ட் உண்டா இல்லையா என்பதை விற்பனைச் சீட்டில் குறிப்பிட வேண்டும். வீட்டில் ஓடவிட்டுப் பார்க்க மூன்று நாள் அவகாசம் தர வேண்டும். மூன்று, வாகன ஓட்டுநர் சங்கங்கள் ஒரு பக்க ரசீதுப் புத்தகம் அச்சிட்டுத் தரலாம். நாள், வாடகை, பொருள், ஏற்றும்போது இருந்த நிலை, இருவர் கையொப்பம் என்ற ஐந்து வரிகள் போதும். அந்தத் தாள் உரிமையாளரை மட்டுமன்றி, செய்யாத சேதத்துக்குப் பழி சுமக்கும் ஓட்டுநரையும் காக்கும். நான்கு, உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம், வீட்டுச் சாமான் ஏற்றியிறக்கும் தொழிலாளர்களை உறுப்பினர்களாகச் சேர்த்து, கைவண்டியும் தோள்பட்டையும் வழங்கி ஒருநாள் பயிற்சி தரலாம்.

தொழிற்சாலைக்குள் வரும் இயந்திரத்தை முதலீடு என்கிறோம். வீட்டுக்குள் வருவதைச் செலவு என்கிறோம். கணக்கேட்டில் இந்த வேறுபாடு சரியாக இருக்கலாம். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு அந்தப் பழைய இயந்திரம் தருவது ஒரு மணி நேர உறக்கம். மறுநாள் தையல் மேசையில் அவள் கை தடுமாறாமலிருப்பது அந்த உறக்கத்தால்தான். அதை வழியில் உடையவிடுவது, ஒரு குடும்பத்தின் இழப்போடு நிற்பதில்லை என்பதைத் திருப்பூரின் தொழில் அமைப்புகளும் அரசும் உணர வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).